உரைகல்லும் ஊசிமுனையும்

(அருள்புரத்தில், பின்னலாடைத் தொழிலாளரும் மாணவரும் பெற்றோரும் கூடிய மாலை அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)

நாளெல்லாம் பொறியருகே நின்று உழைத்துவிட்டு, கழுவிய கையின் ஈரம் உலருமுன்னே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! தாய்மாரே! மாணவச் செல்வங்களே!

என்னை உரை ஆற்ற அழைத்தீர்கள். உரை என்னும் சொல்லுக்குப் பேச்சு என்பது ஒரு பொருள். தேய்த்தல் என்பது மற்றொரு பொருள். பொன்னைத் தேய்த்து மாற்றுக் காணும் கல்லை உரைகல் என்கிறோமல்லவா? அந்த இரண்டாம் பொருளைப் பற்றித்தான் இன்று முதற்பொருளை ஆற்ற வந்துள்ளேன். உராய்வைப் பற்றியது என் உரை.

"தமிழாசிரியனுக்கு உராய்வோடு என்ன உறவு?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. சொல்கிறேன். இந்த ஊர் நூலால் வாழும் ஊர். நூலோ உராய்வால் வாழ்வது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவில் உராய்வு எவ்வாறு நடக்கிறது என்பதை உலகம் கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில்தான் தெளிவாக அறிந்தது. அவ்வறிவு உங்கள் விரல்நுனியில் ஏற்கெனவே பாதி இருக்கிறது. ஆனால் அதற்குச் சொல் இல்லை. சொல் இல்லாத அறிவு ஊமையின் கனவு. அதற்குச் சொல் தேடுவது தமிழாசிரியன் வேலையன்றி வேறு யாருடைய வேலை?

சொல்லின் குடும்பம்

உரசுதல், உராய்தல், உரிஞ்சுதல், உரைத்தல் ஆகிய நான்கும் ஒரு குடும்பத்துச் சொற்கள். அரைத்தல், அராவுதல், அரம் என்பன அவற்றுக்கு அண்டை வீட்டார். மாடு தன் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஊர்ப்பொதுவில் நட்ட கல்லுக்கு ஆவுரிஞ்சு கல் என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். வண்டி அச்சு தேயாமலிருக்க, விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்துப் பூசி, அதற்கு மசகு என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. தேய்வைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த மக்களின் சொற்கள் இவை.

உராய்வு என்றதும் அது ஒரு கேடு என்றே பலர் எண்ணுகின்றனர். அன்று; உராய்வு இல்லையேல் நூலே இல்லை. ஒரு பருத்தியிழையின் நீளம் மூன்று சென்றிமீட்டர் அளவே. நீங்கள் நாள்தோறும் கையாளும் 30-ஆம் எண் நூலை எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் அவ்விடத்தில் ஏறத்தாழ நூறு முதல் நூற்றிருபது இழைகள் இருக்கும். அவற்றை ஒட்டிவைக்கப் பசை உண்டா? இல்லை. முறுக்கேற்றும்போது இழை இழையை நெருக்குகிறது. நெருக்கத்தில் உராய்வு பிறக்கிறது. அவ்வுராய்வே மூன்று சென்றிமீட்டர்த் துண்டுகளைக் கோவை வரை நீளும் நூலாக்குகிறது. மிகையாகச் சொல்லவில்லை, ஒரு கிலோ 30-ஆம் எண் நூலைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரும்.

நூலை ஆக்குவது உராய்வு. அதே நூலைப் பொறியில் அறுப்பதும் உராய்வு. ஆகவே நம் கேள்வி உராய்வு வேண்டுமா வேண்டாவா என்பதன்று. எங்கே எவ்வளவு என்பதே.

மூன்று நெறிகளும் ஒரு புதிரும்

இத்தாலி நாட்டு ஓவிய மேதை இலியொனார்டோ டா வின்சி, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் குறிப்பேடுகளில் உராய்வைப் பற்றி எழுதிவைத்தார். அக்குறிப்புகள் வெளிவராமையால் உலகம் அறியவில்லை. பிரெஞ்சு அறிஞர் அமாந்தன் என்பார் 1699-இல் அவ்வுண்மைகளை மீண்டும் கண்டு வெளியிட்டார். கூலோம் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் 1785-இல் அவற்றை விரிவாக்கினார். அவர்கள் கண்டவை மூன்று: சுமை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும், தொடும் பரப்பு பெரிதாயினும் சிறிதாயினும் உராய்வு மாறாது, நகரும் விரைவாலும் உராய்வு பெரிதும் மாறாது.

இரண்டாம் நெறியைக் கவனியுங்கள். ஒரு செங்கல்லைப் படுக்கவைத்துக் கயிறு கட்டி இழுங்கள். பின்பு அதனை நிமிர்த்திவைத்து இழுங்கள். பெரும்பரப்புத் தொட்டாலும் சிறுபரப்புத் தொட்டாலும் இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ ஒன்றே. இஃது எங்ஙனம் இயலும்? தொடும் இடம் பெருகினால் உரசலும் பெருக வேண்டாவா?

பழைய அறிஞர் சொன்ன விடை இது: எப்பரப்பிலும் மேடுபள்ளங்கள் உண்டு, ஒன்றன் மேடு மற்றதன் மேட்டில் ஏறி இறங்கும் முயற்சியே உராய்வு, ஆகவே மேடுகளைச் சீவிச் சமன் செய்யச் செய்ய உராய்வு குறைந்துகொண்டே போகும். கேட்பதற்கு நேரிய விடைதான். நாமும் அப்படித்தான் எண்ணுகிறோம்: வழவழப்பாயிருப்பது வழுக்கும், சொரசொரப்பாயிருப்பது பிடிக்கும்.

ஆனால் அதே 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தெசாகுலியர் என்பார் ஒரு முட்டுக்கட்டை போட்டார். இரண்டு ஈயக் குண்டுகளை எடுத்து, கத்தியால் ஒவ்வொன்றிலும் சிறிது சீவி, சீவிய முகங்களைச் சேர்த்து அழுத்தித் திருகினார். குண்டுகள் ஒட்டிக்கொண்டன! பிரித்தெடுக்கப் பெருவிசை வேண்டியிருந்தது. மாழைப் பரப்புகளை (மாழை என்பது உலோகம்) அளவுக்கு மீறி மெருகேற்றினால் உராய்வு குறைவதற்கு மாறாகக் கூடவும் கூடும் என்று அவர் எழுதினார். உலகம் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

உரைகல் சொல்லும் உண்மை

புதிரை அவிழ்த்தவர்கள் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து அறிஞர்களான பௌடன், தேபர் இருவரும். அவர்களின் பெருநூல் 1950-இல் வெளிவந்தது. அவர்கள் சொன்னதை நம்மூர்க் காட்டால் விளக்குகிறேன்.

ஊதியூர் மலையைப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துச் சென்னிமலையின் மேல் வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மலைகளும் எங்கெங்குத் தொடும்? சிகரத்துக்குச் சிகரம், பாறைக்குப் பாறை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். மற்ற இடமெல்லாம் வெளியே. நாம் வழவழப்பு என்று தடவிப் பார்க்கும் எஃகுப் பரப்புகளும் நுண்ணளவில் இத்தகையனவே. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சிறு பங்கே மெய்யாகத் தொடுகிறது. தொடும் அச்சிறு முனைகளின்மேல் முழுச்சுமையும் இறங்குகிறது, முனைகள் நசுங்குகின்றன, நசுங்கிய இடத்தில் அணுவும் அணுவும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. பொருளை நகர்த்தும்போது அவ்வொட்டுகளை அறுத்தாக வேண்டும். அறுக்க வேண்டிய விசையே உராய்வு.

இப்போது செங்கற்புதிர் அவிழ்கிறது. படுத்த கல்லில் தொடும் முனைகள் பல. ஒவ்வொன்றின்மேலும் சுமை சிறிது. நின்ற கல்லில் முனைகள் சில; ஒவ்வொன்றின்மேலும் சுமை பெரிது; ஆகவே மிகுதியாய் நசுங்கும். கூட்டிப் பார்த்தால் மெய்யாகத் தொடும் பரப்பு இரண்டிலும் ஒன்றே.

இதற்குச் சான்று தேடிக் கேம்பிரிட்சு போக வேண்டா. பொற்கொல்லர் கடைக்குப் போங்கள். உரைகல்லில் பொன்னைத் தேய்த்தால் பொற்கோடு விழுகிறது. ஏன் விழுகிறது? கல்லின் நுண்முனையில் பொன் ஒட்டுகிறது. இழுக்கும்போது ஒட்டிய இடம் அறாமல், அதனினும் மெத்தென்ற பொன்னே அறுந்து கல்லில் தங்கிவிடுகிறது. மாற்றுக் காட்டும் அந்த மஞ்சட்கோடு உராய்வின் கையெழுத்து.

கீழ்முந்திரியளவில்

இனி நுண்மையின் அடுத்த படிக்கு இறங்குவோம். அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நம் பழைய கணக்கில் முந்திரி என்பது ஒன்றை 320 கூறிட்ட ஒரு கூறு. அம்முந்திரியையும் 320 கூறிட்டால் வருவது கீழ்முந்திரி. அதாவது 1,02,400-இல் ஒன்று. ஒரு மில்லிமீட்டரை இவ்வாறு கூறிட்டுப் பாருங்கள். அதில் ஒரு முந்திரி, பொறியாளர் மைக்குரான் என்று சொல்லும் அளவில் மூன்றுக்குச் சற்று மேல். ஒரு கீழ்முந்திரி, இன்றைய அறிவியலார் நானோமீட்டர் என்னும் அளவில் ஏறத்தாழப் பத்து. ஒரு பருத்தியிழையின் தடிப்பு மில்லிமீட்டரில் நான்கு முதல் ஆறு முந்திரி. எண்ணிக்கை எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது பாருங்கள்!

இதைக் கொண்டு, நம் முன்னோர் அணுவை அளந்தனர் என்று மார்தட்ட நான் வரவில்லை. நெல்லையும் நிலத்தையும் பங்கிடவே அவர்கள் அக்கணக்கை வைத்திருந்தனர். பொய்ப் பெருமை பேசுவது தமிழுக்குச் செய்யும் தொண்டன்று. நான் சொல்வது இவ்வளவே: நுண்மையை எண்ணச் சொல் இல்லாத மொழியன்று நம் மொழி.

1986-இல் பின்னிக்கு, குவேட்டு, கெர்பர் என்னும் மூவர் அணுவிசை நுண்காட்டி என்னும் கருவியை அறிவித்தனர். அது கண்ணால் பார்ப்பதன்று. விரலால் தடவுவதைப் போன்றது. மிகக் கூரிய ஊசிமுனை ஒன்று பரப்பின்மேல் ஊர்ந்து மேடுபள்ளங்களை உணர்ந்து சொல்லும். மறு ஆண்டே, ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வகத்தில் மேட் என்பாரும் அவர்தம் குழுவினரும் அத்தகைய ஊசியைக் கொண்டு உராய்வையே அளந்தனர். தங்குதன் என்னும் மாழையாலான ஊசி, கரிக்கோலுக்குள் இருக்கும் கிராபைட்டின் மேல் ஊர்ந்தது. ஊர்ந்தது என்பதும் பிழை; தத்தித் தத்திச் சென்றது. நின்றது, துள்ளியது, நின்றது, துள்ளியது. அத்துள்ளலின் இடைவெளி கிராபைட்டில் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள இடைவெளியாகவே இருந்தது. அணுவடுக்கின் படிகளையே உராய்வு எண்ணிக் காட்டியது!

வழவழப்பு வழுக்குமா?

இந்த நுண்ணறிவு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்: அளவுக்கு மீறிய வழவழப்பு வழுக்காது, ஒட்டும்.

சுவீடன் நாட்டு யோகான்சன் என்பார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிகத் துல்லியமான எஃகு அளவுக்கட்டிகளைச் செய்தார். இரு கட்டிகளின் முகங்களைச் சேர்த்துத் திருகினால், இடையிலுள்ள மெல்லிய ஈரப்படலமும் அணுக்களின் ஈர்ப்பும் சேர்ந்து அவற்றைப் பிணைத்துவிடும். கணிப்பொறியின் நினைவுத் தட்டுகளிலும் இச்சிக்கல் எழுந்தது. தட்டு மிக வழவழப்பானபோது, ஓய்வில் அதன்மேல் அமர்ந்த படிப்புமுனை எழ இயலாமல் ஒட்டிக்கொண்டது. 1990-களில் அது அமரும் இடத்தில் மட்டும் ஒளிக்கதிரால் சில கீழ்முந்திரி உயரமுள்ள நுண்மேடுகளை எழுப்பினர், ஒட்டு நின்றது.

உங்கள் தொழிலிலேயே இதற்குக் காட்டு உண்டு. நைலான், பாலியெசுட்டர் போன்ற செயற்கைத் தொடரிழைகள் ஓடும் வழிகாட்டிக் கண்கள் பீங்கானாலும் குரோமியம் பூசிய எஃகாலும் ஆனவை. அவற்றைக் கண்ணாடிபோல் மெருகேற்றினால் இழை எளிதாக ஓடும் என்றுதானே எண்ணுவோம்? நடப்பது வேறு. கண்ணாடி மெருகில் இழையின் வழவழப்பான புறம் நீளப் படிந்து ஒட்டுகிறது, இழுவிசை கூடுகிறது. மெருகைச் சற்றுக் குறைத்து, மங்கலான மென்மேடுகள் உள்ளதாகச் செய்தால் இழை மேட்டின் தலைகளை மட்டும் தொட்டு ஓடுகிறது, இழுவிசை குறைகிறது. அதற்காக அரம்போல் ஆக்கினால் இழையை அராவிவிடும். நடுவிலுள்ள அளவை அறிவதே கலை.

மேடு எத்திசையில் சாய்ந்துள்ளது என்பதும் ஒரு செய்தி. மாணவர்களே! வீட்டிற்குப் போனதும் ஒரு தலைமயிரை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடியுங்கள். விரல்களை மயிரின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாக உரசுங்கள். மயிர் ஒரு பக்கமாகவே, வேர்ப்பக்கமாகவே நகர்ந்து செல்லும். மயிரின் புறத்தே ஓடுபோல் அடுக்கிய நுண்செதில்கள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதே கரணியம். ஆட்டுமயிர்க் கம்பளியைச் சுடுநீரில் கசக்கினால் சுருங்கி இறுகுவதும் இதனாலேயே. பொருநராற்றுப்படை, கண்ணால் நூலோட்டம் காணவியலாத நுண்ணிய ஆடையைப் பாம்பின் உரியோடு ஒப்பிடுகிறது. அப்புலவர் கண்டது மென்மையையும் மெருகையும். இன்றைய ஆய்வாளர், சில பாம்புகளின் அடிவயிற்றுச் செதிலில் பின்னோக்கிச் சாய்ந்த நுண்பற்களைக் கண்டுள்ளனர். முன்செல்ல வழுக்கும், பின்னிழுத்தால் பற்றும். நம் வீட்டுச் சுவரிற் பல்லி தலைகீழாய் ஓடுவதும் ஒருவகையில் இக்கலையே. அதன் விரலடியில் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு நீளமுள்ள மயிர்கள். ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காகக் கிளைத்து, இருபது கீழ்முந்திரி அகலமே உள்ள தட்டைநுனிகளாகின்றன. அவை சுவரை அவ்வளவு நெருங்குவதால் அணுக்களின் நொய்ய ஈர்ப்பே பல்லியைத் தாங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் 2000-இலும் 2002-இலும் இதனை அளந்து காட்டினர். பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை.

நம் நூலின் கதை

இனி நம் பருத்திக்கு வருவோம். பருத்தியிழைக்கு இயற்கையே ஒரு மசகு பூசி அனுப்புகிறது. இழையின் புறத்தே மெழுகுப் படலம் ஒன்று உண்டு; எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. அம்மெல்லிய படலம் நூற்பாலையில் இழை அறாமல் ஓட உதவுகிறது. ஆனால் சாயம் ஏற வேண்டுமென்றால் அது தடை. ஆகவே எரிகாரம் கலந்த நீரிற் கொதிக்கவைத்து அதனைக் களைகிறோம். களைந்ததும் இழை வறண்டுவிடுகிறது, உராய்வு கூடுகிறது, தையலூசி இறங்கும்போது நூல் விலகி வழிவிடாமல் முறிகிறது, துணியில் ஊசித்துளை தெரிகிறது. பின்னர் மென்மையூட்டி என்னும் செயற்கை மசகைப் பூசுகிறோம். இயற்கை தந்ததைக் களைந்து, களைந்ததற்கு ஈடு செய்யும் கதை இது.

கைத்தறியாளர் இதனை வேறு வழியில் ஆண்டனர். பாவு நூலைத் தெருவில் நீளக் கட்டி, கஞ்சியும் சிறிது எண்ணெயும் இட்டு, தூரிகையால் நீவிவிடுவார்கள். நூலின் புறத்தே சிலிர்த்து நிற்கும் சுணைகள் படிந்துவிடும். தறியின் பற்களில் நூல் உரசி அறாது. அது வெறும் சடங்கன்று. உராய்வை ஆளும் பொறிநுட்பம்.

பின்னலுக்கு வரும் நூலுக்குக் கஞ்சி ஆகாது, வளைய வேண்டுமே! ஆகவே நூலைக் கூம்பில் சுற்றும்போதே மெழுகு வளையம் ஒன்றன்மேல் உரசச் செய்கின்றனர். ஒரு கிலோ நூலுக்கு ஒன்றிரண்டு கிராம் மெழுகே ஏறுகிறது. ஆனால் உராய்வு ஏறத்தாழப் பாதியாகிறது. மெழுகு மிகுந்தாலும் கேடு. பிசுபிசுத்து உராய்வு மீண்டும் ஏறும்.

'பாதியானால் என்ன பெரிய ஆதாயம்?' என்று கேட்கலாம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவர் பின்னற்பொறியையே புரிந்துகொண்டவர். துள்ளும் காளையின் கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சிறுவனும் அதனைப் பிடித்து நிறுத்துவான். வளைந்து செல்லுந்தோறும் இழுவிசை கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணிதர் இதற்கு வாய்பாடு தந்தார். உங்கள் நூல் கூம்பை விட்டு ஊசியின் கொக்கியை அடையுமுன் எத்தனை கண்களில், எத்தனை கம்பிகளில், எத்தனை ஊசிகளில் வளைகிறது! எல்லா வளைவுகளையும் கூட்டி ஒரு முழுச்சுற்று என்று கொள்வோம். பாடநூல்கள் உராய்வுக் குணகம் என்பதனை நாம் உராய்வுக்கெழு என்போம். அது 0.15 ஆயின் இழுவிசை 2.6 மடங்காகும், 0.30 ஆயின் 6.6 மடங்காகும். வளைவுகள் இரு சுற்றாகக் கூடினால் முன்னது 6.6 மடங்கு, பின்னதோ 43 மடங்கு! நூல் அறாமல் என்ன செய்யும்? கண்ணி அறுந்த இடத்தில் ஓட்டை விழாமல் என்ன செய்யும்?

இழையளவில் இன்னொரு நுட்பம். அமாந்தன் நெறி அங்கே பிறழ்கிறது. சுமையை இரட்டித்தால் இழையின் உராய்வு இரட்டிக்காது. அதனினும் குறைவாகவே ஏறும். திருப்பிச் சொன்னால், மிக மெல்லத் தொடும்போது உராய்வு, சுமையை நோக்க, மிகுதியாகவே இருக்கிறது. பெரும்பொருளுக்கு வகுத்த நெறியை நுண்பொருளுக்கு அப்படியே சார்த்த இயலாது என்பதற்கு அருள்புரத்து நூலே சான்று.

ஓர் இளைஞனின் ஆய்வு

என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் ஒரு பின்னலகத்தில், மக்கள் வழக்கில் சொன்னால் ஒரு பனியன் கம்பெனியில், வேலை செய்துவந்தான். பெயர் வேண்டா. அவன் பார்த்த பொறியில் துணியெங்கும் ஓட்டை விழுந்தது. 'நீடில் டேமேஜ்' என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளில் அவனிடம் கையொப்பம் வாங்கினர். ஊசியைப் பேணாதது அவன் குற்றம் என்பது அதன் பொருள்; கூலியில் பிடித்தம் செய்தனர்.

ஒரு நாள் என்னிடம் வந்து, "ஊசி நல்லாத்தான் இருக்குதுங்கய்யா. நூல்தான் வறவறன்னு வருது. விரலை வச்சாலே தெரியுது" என்றான்.

"தம்பி, அதை மெய்ப்பித்துக் காட்ட வழி உண்டா?" என்றேன்.

சிறிது எண்ணிப் பார்த்தான். மறுநாள் ஓட்டை விழுந்த அதே இடத்தில், அதே ஊசிகளோடு, முன்பு வந்த வேறு சிப்பத்து நூலைக் கோத்தான். ஓட்டை நின்றது. வறண்ட நூலை நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறோர் இடத்துக்கு மாற்றினான். ஓட்டையும் அங்கே இடம் பெயர்ந்தது. குற்றம் ஊசியில் இல்லை. மெழுகு ஏறாத நூலில் இருந்தது. நூற்பாலை அந்தச் சிப்பத்தை மாற்றிக் கொடுத்தது. பிடித்த கூலி மட்டும் திரும்ப வரவில்லை.

தோழர்களே! அவன் செய்தது என்ன? ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, விளைவைப் பார்த்தான். கேம்பிரிட்சில் செய்தால் அதற்கு ஆய்வு என்று பெயர். இங்கே அதற்குப் பெயரில்லை. 'இழுவிசை', 'உராய்வுக்கெழு', 'மெழுகேற்றம்' என்னும் மூன்று சொற்களை அவன் முதல் நாளே ஆண்டிருந்தால் அத்தாளில் கையொப்பமிட்டிருப்பானா? புரியாத மொழியில் எழுதிய குற்றத்தைப் புரியாமலே ஒப்புக்கொண்டான். சொல்லில்லாதவன் கூலியிழந்தான். மொழிச்சிக்கல் வயிற்றுச்சிக்கலும் ஆவது இங்கேதான்.

விரலுக்கு வேண்டிய சொல்

விரலை வைத்தாலே தெரிகிறது என்றானே, அது வெறும் பேச்சா? சுவீடன் நாட்டு இசுட்டாக்கோம் நகர ஆய்வாளர் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிக நுண்ணிய வரிகள் பதித்த பரப்புகளையும் வரியே இல்லாத பரப்பையும் கண்ணை மறைத்து மாந்தரைத் தடவச் செய்தனர். வரியின் உயரம் 13 நானோமீட்டர் அளவே இருந்தபோதும் மாந்தவிரல் வேறுபாட்டை உணர்ந்தது. 13 நானோமீட்டர் என்பது ஒரு கீழ்முந்திரிக்குச் சற்று மேல்! தடவும்போது தோலில் எழும் உராய்வின் வேறுபாடும் விரல் அதனை அறியத் துணையாயிற்று. உழைப்பாளியின் விரல் ஓர் அளவுகருவி. அதனை யாரும் இனி எள்ளி நகையாட வேண்டா.

அக்கருவி காட்டும் அளவுகளைக் குறிக்க நம்மிடம் சொல் இல்லையா? எண்ணிப் பாருங்கள்: வழவழப்பு, மழமழப்பு, சொரசொரப்பு, நறநறப்பு, பிசுபிசுப்பு, கொழகொழப்பு, மொழுமொழுப்பு, மெத்துமெத்து. இலக்கண வகுப்பில் இரட்டைக்கிளவி என்று படித்து மறந்துவிட்டோம். இவை ஒலியழகுக்காகப் பிறந்தவையல்ல. தோலும் பொருளும் சந்திக்கும் இடத்தில் நிகழும் வெவ்வேறு உராய்வுகளுக்கு விரல் இட்ட பெயர்கள். பிசுபிசுப்பும் வழவழப்பும் ஒன்றா? முன்னதில் ஒட்டு மிகுதி. பின்னதில் மேடு குறைவு. நறநறப்பும் சொரசொரப்பும் ஒன்றா? முன்னதில் துகள் தனியே உருளும். பின்னதில் மேடு பரப்போடு சேர்ந்து நிற்கும். இவ்வளவு நுண்ணிய பாகுபாட்டை வைத்துக்கொண்டு, துணியைத் தடவிப் பார்த்து 'சாஃப்ட் ஃபீல்' என்கிறோம். நன்றாக இல்லையென்றால் 'ஹார்ஷ்' என்கிறோம். எண்வகைச் சொல்லை இருவகையாகச் சுருக்கியதற்கு வளர்ச்சி என்றா பெயர்?

சப்பானியர் செய்ததைக் கேளுங்கள். 1970-களில் கியோத்தோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கவபத்தா என்பாரும் நிவா என்னும் அம்மையாரும், துணியைத் தொட்டுத் தரம் சொல்லும் தேர்ந்த கைகளின் அறிவை அளக்க முற்பட்டனர். அக்கைவினைஞர் வழக்கிலிருந்த தாய்மொழிச் சொற்களையே எடுத்துக்கொண்டனர். விறைப்புக்குக் கோசி; வழவழப்புக்கு நுமேரி; பொம்மலுக்குப் புக்குராமி; மொறமொறப்புக்குச் சாரி. ஒவ்வொன்றையும் வளைவு, நெருக்கம், புறப்பரப்பின் உராய்வு, மேடுபள்ளம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளோடு இணைத்து எண்கொடுத்தனர். இன்று ஆங்கிலத்தில் எழுதும் நெசவியல் ஆய்வாளரும் கோசி, நுமேரி என்றே எழுதுகின்றனர். அவர்கள் முதலில் ஆங்கிலச் சொல்லைத் தேடி, பிறகு அதனை மொழிபெயர்க்கவில்லை. விரலிலிருந்து சொல், சொல்லிலிருந்து அளவு, அளவிலிருந்து அறிவியல். வழி அதுதான்.

செய்ய வேண்டுவன

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

தொழிலாளத் தோழர்களே! நீங்கள் பொறியருகே ஆளும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நூல் வறவறப்பு, கண்ணி அறுதல், சுணை பறத்தல், துணி இறுகல் என எது வாயில் வருகிறதோ அதை எழுதுங்கள். ஆங்கிலமாயிருந்தால் அதையும் எழுதுங்கள், ஈடு தேடுவோம். ஆய்வுக்கூடம் தரவியலாத பட்டறிவு உங்கள் கையில் இருக்கிறது.

பின்னலகம் நடத்துவோரே! குற்றத்தாளும் அறிவிப்புப் பலகையும் தமிழில் இருக்கட்டும். கையொப்பமிடுபவனுக்குப் புரியும் மொழியில் எழுதுவது அவனுக்குச் செய்யும் அருளன்று, அவனுடைய உரிமை. உங்களுக்கும் ஆதாயம் உண்டு: ஓட்டையின் மெய்யான கரணியம் ஒரு நாளில் தெரிந்துவிடும்.

ஆசிரிய நண்பர்களே! உராய்வுப் பாடத்தை மரக்கட்டையோடும் சாய்தளத்தோடும் நிறுத்தாதீர்கள். மெழுகேற்றிய நூல் ஒன்றும் மெழுகு களைந்த நூல் ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு கம்பியில் ஒரு சுற்று, இரண்டு சுற்று எனச் சுற்றி, இருமுனையிலும் எடை கட்டி மாணவரையே அளக்கச் செய்யுங்கள். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அப்பாடம் தேர்வோடு மறக்காது; அவன் தாயின் கைவேலை அது.

நூல் என்னும் நம் சொல் இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். இழைநூலை உலகுக்கெல்லாம் அனுப்பும் இந்த ஊர், அவ்விழையைப் பற்றிய அறிவுநூலைத் தன் மொழியில் எழுத வேண்டாவா? உலகம் எழுதியதைப் படித்து, நம் விரல் அறிந்ததைச் சேர்த்து, உரைத்துப் பார்த்து எழுதுவோம். உரைகல்லில் நிற்கும் பொன்னே பொன். பயன்பாட்டில் நிற்கும் சொல்லே சொல்.